புலிக்கு ஜே... குருவிக்கு?

"மச்சான், புலி பார்க்காம ஹாஸ்டலுக்குத் திரும்பக் கூடாது!" இந்தச் சபதத்தோடதான் செமஸ்டர் லீவுல மசினகுடி போனோம். முதுமலை சஃபாரியில மான், மயில், யானை எல்லாம் ஆஜர். புலி மட்டும் ஆப்சென்ட்!

கடுப்போட கல்ஹட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஊட்டி போனா, சோலை ஓரப் புதர்ல யாரோ எங்களைக் கலாய்க்கிற மாதிரி சிரிப்பு. பார்த்தா, மைனாவைவிடச் சின்னதா ஒரு நீலகிரி சிரிப்பான்!

புலியால 2007-ல் முதுமலைக்குப் 'புலிகள் காப்பகம்'னு பேரே கிடைச்சுது. அதுக்கு ரஷ்யா வரைக்கும் சொந்தக்காரங்க உண்டு. சிரிப்பானுக்கு நீலகிரி உச்சியை விட்டா உலகத்துல வேற வீடே இல்லை. சோலையை அழிச்சுத் தேயிலையும் தைலமரமும் நட்டா அது எங்கே போகும்?

டாப்பரை மட்டுமே கவனிக்கிற கிளாஸ்ல கடைசி பெஞ்ச் நான். அந்த வலி தெரியும். புலிக்காகச் சார்ஜ் ஏத்தின கேமராவை மூடிட்டு, அது சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னோம்.