சொத்தைப் பல்லும் இதய வால்வும்

சிறு வயதில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, மாணவர்களைப் பரிசோதிக்க வந்த டாக்டர் என் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு "சூஃப்ல்" என்றார். மூச்சு, ஊதல் என்று பொருள். வால்வு சரியாக மூடாமல் இரத்தம் கசியும்போது எழும் ஓசைக்கும் அதே சொல்தான். "பயமில்லை, ஓடி விளையாடு" என்றார். அறுபது ஆண்டுகள் அதை மறந்தே போனேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியது. அலுவலகக் கோப்புகளில் 'நிலுவை' என்று எழுதி எழுதிப் பழகியவன், பல்லையும் நிலுவையில் வைத்தேன். கிராம்புத் தைலத்தோடு காலம் போயிற்று. பிறகு சாயங்காலம்தோறும் காய்ச்சல். மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டால் தணியும், நிறுத்தினால் திரும்பும். ஆறு வாரத்தில் எட்டு கிலோ இளைத்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. மனைவிதான் அழுது, சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

எக்கோவில் மைட்ரல் வால்வின்மேல் கிருமிகள் கொத்தாகப் படிந்திருப்பது தெரிந்தது. வாய்க்கிருமி ஈறு வழியே இரத்தத்தில் கலந்து, பழுதான வால்வில் ஒட்டிக்கொண்டதாம். அதில் ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். எந்தக் கிருமி என்றறிய இரத்தத்தைச் சோதித்தார்கள். முதல் முறை ஒன்றும் அகப்படவில்லை. நான் விழுங்கிய மாத்திரைகள் கிருமியைக் கொல்லாமல் ஒளித்து வைத்துவிட்டன என்றார் டாக்டர். தலைகுனிந்தேன்.

நரம்பில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வால்வு கிழிந்தது. ஆபரேஷன்தான் வழி. கிருமி வால்வைத் தாண்டிப் பரவாததால் நெஞ்செலும்பைப் பிளக்க வேண்டியிருக்கவில்லை. வலது விலா இடுக்கில் சிறு வெட்டு, உள்ளே கேமரா, தொடையிடுக்கு இரத்தக்குழாய்கள் வழியே இதய-நுரையீரல் இயந்திரம். கெட்ட சதையை நீக்கி, இதய உறைத் துண்டால் ஒட்டுப்போட்டு, வளையம் வைத்துத் தைத்தார்கள். 1996-இல் இப்படிக் கேமரா உதவியோடு மைட்ரல் வால்வை முதலில் சீராக்கியவர் பாரீசின் அலேன் கார்ப்பாந்தியே என்று பிறகு படித்தேன். பழைய பிரெஞ்சுப் பள்ளி மாணவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆறு வார ஊசி முடிந்து வீடு திரும்பினேன். இப்போது பல் டாக்டரிடம் முதலில் வால்வுக் கதையைச் சொல்லி, அவர் தரும் மாத்திரையைப் போட்ட பிறகே வாயைத் திறக்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்குக் கடையில் மாத்திரை வாங்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். பல்லை நிலுவையில் வைக்காதீர்கள்.