பெயரும் தோற்றமும்

கொல்கத்தாவின் தம்தம் பகுதியில் உள்ள விமான நிலையம், 1995ஆம் ஆண்டு முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருநாள் மாலை, துபாய் செல்லும் பயணிகளின் வரிசையில் தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் துணிப்பை. மகனைக் காணச் செல்லும் மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் முறை வந்தது. பணிப்பெண் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, “குடும்பப் பெயர் எங்கே?” என வினவினார். பெரியவருக்கு இருப்பது ஒரே பெயர். தந்தை பெயரின் முதல் எழுத்தே அதற்குத் துணை. சற்று ஒதுங்கி நிற்குமாறு அவரிடம் கூறப்பட்டது. வரிசையில் நின்றோர் அவரது வேட்டியையும் பையையும் ஐயத்துடன் நோக்கினர். பிழையேதும் செய்யாத அவர் தலைகுனிந்தார்.

பணிப்பெண் செய்தது கடமையே. உரிய ஆவணம் இல்லாத பயணியைச் சென்றடையும் நாடு திருப்பி அனுப்பினால், அழைத்து வரும் பொறுப்பு விமான நிறுவனத்தையே சேரும், தண்டமும் விதிக்கப்படலாம். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடைய சுற்றுலாப் பயணிகளை ஏற்பதில்லை என 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. தந்தை பெயர் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் எனப் பின்னர் விளக்கப்பட்டது. பணிப்பெண் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். தந்தையின் பெயர் அங்கே இருந்தது, சிக்கல் தீர்ந்தது. தீர்த்தது ஆவணம், ஐயுற்ற கண்கள் அல்ல.

தோற்றத்தைக் கொண்டு மனிதரை அளப்பது பயன் தராது என்பதற்கு நேதாஜியின் வாழ்வே சான்று. 1941 சனவரியில், எல்கின் சாலை இல்லத்தில் ஆங்கில அரசின் கண்காணிப்பில் இருந்த அவர், முகமது ஜியாவுதீன் என்னும் பெயரில் மாற்றுடை அணிந்து இரவில் வெளியேறினார். பின்னர் ஆர்லாண்டோ மசோட்டா என்னும் இத்தாலியப் பெயர் கொண்ட கடவுச்சீட்டுடன் பெர்லினை அடைந்தார். பழகிய முகத்தைத் தேடிய கண்களுக்கு அவர் அகப்படவில்லை. தோற்றத்தை மட்டும் நோக்கும் கண், மறைந்து செல்பவரைத் தவறவிடும். குற்றமற்றவரைக் கூனிக் குறுகச் செய்யும்.

பாதுகாப்பிற்குச் சோதனை தேவை. அது உடையையும் நிறத்தையும் பெயரையும் பாராமல் அனைவருக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

பணிப்பெண் கடவுச்சீட்டை இரு கைகளாலும் நீட்டி, “காக்க வைத்தமைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா” என்றார். பெரியவர் நிமிர்ந்து, கைகூப்பி விடைபெற்றார்.