ஜெர்சி செல்லுபடியாகும் இடங்கள்

இந்தியாவுக்காக ஆடியவளுக்குப் பயிற்சி கொடுக்கும் வித்தை தானாகவே வந்துவிடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. தென்மாவட்டத்து மகளிர் கல்லூரி ஒன்றில் கால்பந்துப் பயிற்சியாளராக என்னை எடுத்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். இத்தனை வருடம் அந்தப் பிள்ளைகளோடு கிடந்துவிட்டுச் சொல்கிறேன்: நீல ஜெர்சி பல இடங்களில் செல்லுபடியாகும். அந்த வரிசையில் கிரவுண்டு கடைசியில்தான் வரும்.

நான் ஆடியது 2000-களின் தொடக்கத்தில். இடது விங். பெரிய பெயரெல்லாம் கிடையாது. சில ஆட்டங்கள், அவற்றிலும் பாதி மாற்று ஆட்டக்காரியாக. அன்றைக்கு மகளிருக்கென்று தேசிய லீக் இல்லை. முகாம் முடிந்தால் ஊருக்கு வந்து அடுத்த கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டும். எங்களுக்குப் பின் நிலைமை இன்னும் மோசமானது. பதினெட்டு மாதம் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை என்று 2009-இல் ஃபிஃபா தன் தரவரிசையிலிருந்தே இந்திய மகளிர் அணியை எடுத்துவிட்டது. இப்படியொரு காலத்தில் ஆடியதால் என் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் குறைவு. சேர்ந்த புதிதில் ஒருத்தி வெள்ளந்தியாகச் சொன்னாள்: "யூடியூப்ல தேடிப் பாத்தோம் மேம், நீங்க வரவேயில்ல."

கிரவுண்டில் என் முதல் சிக்கல், எனக்குத் தெரிந்தது எதையும் சொல்லத் தெரியவில்லை என்பதுதான். "எப்ப மேம் உள்ள வெட்டணும்?" என்று ஒரு விங் பிள்ளை கேட்டாள். ஆயிரம் தடவை செய்த காரியம், வாய்க்கு வரவில்லை. "இப்படி" என்று ஓடிக் காட்டினேன். அவளும் அப்படியே ஓடினாள், பந்து பறிபோனது. என் காலுக்குத் தெரிந்ததை என் காலால் அவள் காலுக்கு அனுப்ப முடியாது என்று அன்று தெரிந்தது.

அதன்பிறகுதான் 'டி' லைசென்ஸ், பிறகு 'சி' லைசென்ஸ் என்று பயிற்சியாளர் வகுப்புகளுக்குப் போனேன். அங்கே கூட இருந்தவர்களில் பலர் மாவட்ட அளவைத் தாண்டாதவர்கள். ஆனால் ஒரு பயிற்சியை எங்கே நிறுத்த வேண்டும், எத்தனை சொல்லில் திருத்த வேண்டும் என்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அந்த விங் பிள்ளைக்கான பதிலும் அதற்கப்புறம்தான் பிடிபட்டது. எதிரே நிற்கிற பேக் எந்தக் காலில் கனத்தை ஊன்றியிருக்கிறாள் என்று பார். அந்தப் பக்கமாகவே போ. ஊன்றிய காலை அவளால் சட்டென்று எடுக்க முடியாது. இதைத்தான் நான் சிறுமியாக இருந்ததிலிருந்து செய்துகொண்டிருந்தேன். செய்கிறேன் என்றே தெரியாமல்.

பழைய கதை கிரவுண்டில் உதவிய ஒரே இடம் முழங்கால். பெண்களுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுபடுவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாய்வது முக்கியமான காரணங்களில் ஒன்று. நம் கல்லூரி மைதானங்களோ வெயிலில் காய்ந்து பாறையாகிக் கிடப்பவை. இதற்கென்றே ஃபிஃபா 11+ என்று இருபது நிமிட வார்ம்-அப் ஒன்று இருக்கிறது: ஒற்றைக் காலில் நிற்பது, தொடைத் தசைக்கு வேலை, குதித்து மெத்தென்று இறங்குவது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் விடாமல் செய்தால் காயம் நன்றாகவே குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு அது சலிப்பு. "பந்தைக் குடுங்க மேம்" என்பார்கள். என் இடது முழங்காலின் தழும்பைக் காட்டுவேன். அதற்கப்புறம் யாரும் முனகுவதில்லை.

ஜெர்சிக்கு உண்மையான மதிப்பு வீட்டு வாசலில்தான். பள்ளி அளவில் நன்றாக ஆடும் பிள்ளைக்குப் பிளஸ் டூ முடிந்ததும் இரண்டு வழி இருக்கும்: கல்லூரி, அல்லது கல்யாணப் பேச்சு. பேரையூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா நேராகவே கேட்டார்: "வயசுக்கு வந்த புள்ள, டவுசரப் போட்டுக்கிட்டு ஓடுறது நல்லாவா இருக்கு மேடம்?"

பதில் சொல்லாமல் பையிலிருந்து இரண்டு தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்று என் தேசிய அணிச் சான்றிதழ். இன்னொன்று பழைய பாஸ்போர்ட்டின் நகல், வெளிநாட்டு முத்திரையோடு. புரட்டிப் பார்த்தார். "டிவியில வந்தீங்களா?" என்றார். "எங்க ஆட்டத்த எவன்ணே காட்டுனான்?" என்றேன். சிரித்துவிட்டு உள்பக்கம் திரும்பி, "ஏ புள்ள, இங்க வந்து பாரு, ஏரோப்ளேன்ல போயி ஆடுனவுகளாம்" என்று மனைவியைக் கூப்பிட்டார். அப்புறம்தான் விஷயத்துக்கு வர முடிந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு, கட்டணச் சலுகை, ஹாஸ்டல், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, காவல்துறையில் சேர்ந்த நம் ஆட்டக்காரிகள். இதே விவரங்களை அந்தப் பிள்ளையின் பி.டி. டீச்சர் முன்பே சொல்லியிருக்கிறார். நான் சொன்னபோதுதான் காதில் ஏறியது. அந்த டீச்சருக்கு இது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் செல்லுபடியாகிற நோட்டை வைத்துக்கொண்டு செலவழிக்காமல் என்ன செய்வது?

அடுத்த இடம் அலுவலகம். கல்லூரிக் கால்பந்தின் பாதி ஆட்டம் ஓ.டி. (ஆன் டூட்டி) கடிதத்தில் நடக்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணித் தேர்வு, அப்புறம் சவுத் ஜோன், அங்கே முன்னேறினால் அகில இந்தியப் போட்டி. ஒவ்வொன்றும் இன்டர்னல் தேர்வு நேரத்தில்தான் வந்து விழும். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் கண்டோனேஷன் கட்டணம் கட்ட வேண்டும். செங்கல் சூளையில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதுவே பெரிய தொகை. ஒவ்வொரு துறைத் தலைவரையும் பார்த்து ஓ.டி.யில் கையெழுத்து வாங்குவதும், திரும்பி வந்தபின் விட்டுப்போன தேர்வை எழுத வைப்பதும் என் வேலைதான். தமிழ்நாடு 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாக தேசிய சாம்பியன் ஆனதும், அடுத்த ஆண்டே மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றதும் அந்த அறைகளில் எனக்குப் பேச்சை எளிதாக்கின. அதுவரை என் ஒருத்தி கதையை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இளங்கலை மூன்று வருடம். ஒவ்வொரு ஜூனிலும் அணியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தடுப்பு வரிசை ஒன்றுக்கொன்று பேசப் பழகி, கீப்பர் தைரியமாக முன்னே வந்து கத்தத் தொடங்கும்போது ஃபேர்வெல் வந்துவிடும். கிளப் பயிற்சியாளர் ஆட்டக்காரியை விலைக்கு வாங்கலாம். நாங்கள் திரும்பவும் பதினேழு வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

இனி, யாரிடமும் சொல்லாத ஒன்று. எங்கள் பிள்ளை ஒருத்தி தேசிய முகாமுக்குத் தேர்வானாள். விமான டிக்கெட் அவள் போனுக்கே வந்தது. முகாமில் பிசியோ, ஆட்டத்தைப் படம்பிடித்து அலச ஆள், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஆள். தினமும் ராத்திரி போன் போட்டு மூச்சுவிடாமல் சொல்வாள். கேட்டுக்கொண்டே இருப்பேன். போனை வைத்ததும் நெஞ்சு எரியும். பொறாமைதான், அதற்கு வேறு பூசி மெழுகிய பெயர் வேண்டாம். எனக்கு அந்த வயதில் அது கிடைத்திருந்தால் என்ற கணக்கு மனதுக்குள் தானாக ஓடும்.

அது போய்விடும் என்று பார்த்தேன். போகவில்லை. அதை வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகினேன். எனக்கு முந்திய தலைமுறை 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் சீனாவிடம் 16-0 என்று தோற்றது. அந்த அக்காக்களுக்கு எங்களைப் பார்த்து இதே எரிச்சல் இருந்திருக்கும்தானே? 2025 ஜூலையில் அதே தாய்லாந்து மண்ணில், சியாங் மாயில், சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் போட, இந்தியா தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தி 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஹாஸ்டலில் பிள்ளைகள் போட்ட கூச்சலில் என் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. முழுவதும் அடங்கியது என்று சொன்னால் பொய்.

முகாமுக்குப் போனவள் ஒருத்தி. மற்றவர்கள் காவல்துறை, பள்ளி, ஜவுளிக் கடை, கல்யாணம் என்று போனார்கள். அவர்களில் சிலர் தங்கள் ஊர்ப் பிள்ளைகளை இப்போது என்னிடம் அனுப்புகிறார்கள். அந்த வீடுகளுக்கு நான் போக வேண்டியதில்லை. அம்மாவோ அத்தையோ ஏற்கெனவே பேசி முடித்திருப்பாள். அங்கே என் ஜெர்சிக்கு வேலையே இல்லை.

ஆட்டத்தை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வர நினைக்கும் தங்கச்சிமார்களுக்கு இரண்டு வார்த்தை. முதலில் லைசென்ஸ் வகுப்புக்குப் போங்கள். தெரிந்ததைச் சொல்லத் தெரிவது தனி வித்தை. பிறகு, தேசிய அணிச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். லேமினேட் செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையிலும் அலுவலகத்திலும் அடிக்கடி எடுக்க வேண்டிவரும்.