பியானோ கட்டைக்குள் ஒரு சீமாட்டி

பாரிஸ் போனால் எல்லோரும் ஈஃபில் டவர் ஏறுவார்கள். நான் மெட்ரோவில் 4-ம் நம்பர் லைன் பிடித்து, வடக்குக் கோடியில் போர்த் த க்ளிஞான்கூர் ஸ்டேஷனில் இறங்கினேன். (பெயரைச் சொல்லி வழி கேட்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொண்டது!) டவருக்கு டிக்கெட் உண்டு, சேன்துவான் பழைய சாமான் சந்தைக்குக் கிடையாது. பி.காம். படித்தவன் புத்தி வேறெப்படிப் போகும்?

19-ம் நூற்றாண்டில் பாரிஸுக்குள்ளிருந்து துரத்தப்பட்ட குப்பை பொறுக்கும் ஆட்கள் ஊர் எல்லையில் கடை விரித்ததில் பிறந்த சந்தை. இன்றைக்கு அதே இடத்தில் சரவிளக்கும் ராஜா காலத்து நாற்காலியும் விலை கேட்டாலே வியர்க்கும்.

வெர்னேஸோன் சந்தில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்தாள். முகம் என் கட்டைவிரல் நகமளவுதான். பவுடர் போட்ட கூந்தல், அதன்மேல் இறகு வைத்த பெரிய தொப்பி, நீலப் பட்டு கவுன், உதட்டோரம் 'நீ வாங்க மாட்டாய், தெரியும்' என்கிற சிரிப்பு. ஓரத்தில் 'இஸபே' என்று கையெழுத்து.

எனக்குப் பகீரென்றது. நெப்போலியன் அரண்மனைக்கு வரைந்த ழான்-பாப்டிஸ்ட் இஸபே! முந்தின நாள்தான் லூவ்ரில் பெயரைப் பார்த்திருந்தேன். விலை 300 யூரோ. மனசுக்குள் லாப நஷ்டக் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது.

கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயசிருக்கும். என் முகத்தைப் படித்துவிட்டார்.

"இஸபேன்னா இந்த விலைக்குத் தருவேனா? ஃபிரேமைப் பாருங்க. பழைய பியானோ கட்டையிலிருந்து உரிச்ச தந்தம். 1900 வாக்கில் டூரிஸ்ட்டுங்களுக்காகப் பண்ணினது. கையெழுத்து சும்மா!"

என் லாபம் அங்கேயே திவால். ஆனாலும் அவர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அப்போதுதான் விஷயமே ஆரம்பித்தது.

படமும் தந்தத்தின் மேல்தான். காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவிய தகடு. தந்தத்தில் எண்ணெய்ப் பசை உண்டு, வாட்டர்கலர் ஒட்டாது. அதனால் பியூமிஸ் கல் பொடி போட்டுத் தேய்த்து, பசையை எடுத்துவிட்டுத்தான் வரைவார்களாம். கன்னத்தில் பெயின்ட்டை அப்புவதில்லை. புள்ளி... புள்ளி... புள்ளி! நடுவே தந்தம் தெரிகிறதே, அதுதான் தோலின் மினுமினுப்பு. அசல் காலத்தில் இதைக் காதலன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வான். பின்பக்கம் அவள் கூந்தல் கற்றைகூட இருக்கும். கல்யாணப் பேச்சுக்குப் பெண் படம் அனுப்புவதும் இப்படித்தான். 1839-ல் தாகேரின் போட்டோ முறை வெளியானது. கொஞ்ச வருஷத்தில் இந்தத் தொழிலே படுத்தது. பிழைக்கத் தெரிந்தவர்கள் போட்டோவுக்குக் கலர் பூசப் போனார்கள்.

எனக்குச் சட்டென்று அப்பா ஞாபகம். எங்கள் ஊர் ஸ்டுடியோவில் அவர்தான் டச்சப் ஆர்ட்டிஸ்ட். விளக்குப் பெட்டி மேல் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி வைப்பார். எத்தனை பெண்களின் அம்மைத் தழும்பு அவர் பென்சிலில் மறைந்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருக்கும்! கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி "நாளையிலேர்ந்து வர வேண்டாம்ணே" என்றார். அன்றிலிருந்து அப்பா தொழிலைப் பற்றி வாயே திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. அதுதான் உறுத்தல்.

"270-க்குத் தர்றேன்" என்றார் அம்மாள். வாங்கலாம்தான். ஆனால் தந்தம்! 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிற ஊருக்கு எடுத்துப் போனால், ஏர்போர்ட்டில் என் படத்தைத்தான் எடுப்பார்கள். சொன்னதும் சிரித்தார். "போட்டோ எடுத்துக்கோங்க, காசு வேண்டாம்."

எடுத்தேன். செல்போனில் பியூட்டி மோட் ஆனில் இருந்திருக்கிறது. அத்தனை புள்ளியும் மாயம், சீமாட்டி முகம் வெண்ணெய் மாதிரி! அதை அணைத்துவிட்டு மறுபடி எடுத்து, இரண்டையும் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன்.

மெட்ரோவில் ஏறுவதற்குள் போன் வந்தது. வழக்கமாக "சாப்பிட்டியா?"வோடு முடிக்கிற மனிதர்.

"முதல் படம் வேஸ்ட்டுடா. ரெண்டாவது... புள்ளி வெச்சிருக்கான் பாரு, கைகாரன்! ஆனா மூக்கோரம் நிழல் ஜாஸ்தி. நானா இருந்தா..."

இருபது நிமிஷம் பேசினார். ரோமிங் சார்ஜைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பி.காம். படித்ததற்கு, இதுதான் நான் பார்த்த முதல் லாபம்.