பட்ட காலிலே படும்

தோற்பது எந்த ரசிகனுக்கும் புதிதில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் தோற்பதுதான் கொடுமை! 2009-ல் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் ரசிகர்களுக்கு நடந்தது அதுதான்.

அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அழுகைதான். 2007-ல் 17 ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது 7 ஆட்ட முன்னிலை. அதையும் கோட்டை விட்டார்கள். 2008-லும் கடைசி நாளில் தோற்று பிளேஆஃப் வாய்ப்பு போனது. ஆனால் அப்போது கோபப்படவாவது வழி இருந்தது. பந்து வீசியவரைத் திட்டலாம், மேனேஜரைத் திட்டலாம், மனசு கொஞ்சம் ஆறும்.

2009-ல் புது மைதானம், சிட்டி ஃபீல்ட். புது நம்பிக்கை. பிறகு ஆரம்பித்தது...

மே மாதமே கார்லோஸ் டெல்காடோவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. 26 ஆட்டங்களோடு சரி. ஹோசே ரேயெஸ் கெண்டைக்கால் வலி என்று உட்கார்ந்தார். அது சரியாகி வருவதற்குள் தொடையின் பின்பக்கத் தசைநார் கிழிந்தது. 'பட்ட காலிலே படும்' என்று சொல்லி வைத்தவர் மெட்ஸ் ரசிகராகத்தான் இருக்க வேண்டும்! 162 ஆட்டங்கள் கொண்ட சீசனில் ரேயெஸ் ஆடியது 36. முழங்கால் அடியால் கார்லோஸ் பெல்ட்ரான் ஆடியது சரிபாதி, 81. ஆகஸ்ட் 15 அன்று டேவிட் ரைட்டின் ஹெல்மெட்டில் வேகப்பந்து பட்டு அவர் அப்படியே சாய்ந்தார். அதே மாதம் முக்கியப் பந்துவீச்சாளர் ஜோஹன் சந்தானாவின் முழங்கையும் போனது.

அப்போதைய விதிப்படி காயம்பட்டவரை '15 நாள் பட்டியலில்' சேர்ப்பார்கள். இந்தப் பெயர்தான் ரசிகனைக் கொல்வது. அவன் காலண்டரைப் பார்த்து 15 நாள் எண்ணுவான். ஆனால் அது குறைந்தபட்சக் கணக்கு மட்டுமே. பதினைந்து முப்பதாகும், முப்பது அறுபதாகும், கடைசியில் "இந்த வருடம் வரமாட்டார்" என்று இரண்டு வரிச் செய்தி வரும். ஒரேயடியாகச் சொல்லித் தொலைத்தால்கூட பரவாயில்லை. நம்பிக்கையைத் தவணை முறையில் பிடுங்குவதுதான் தாங்காது.

இருக்கிறவர்கள் ஆடினாலும் அதிர்ஷ்டம் விடவில்லை. ஆகஸ்ட் 23, எதிரணி பிலடெல்பியா. கடைசி இன்னிங்ஸில் 9-7 என்று பின்தங்கியிருந்தாலும் இரண்டு பேர் பேஸில், ஒரு அவுட்கூட இல்லை. அடித்த பந்து நேராக எரிக் பிரண்ட்லெட் கையில். பிடித்தார், பேஸை மிதித்தார், ஓடி வந்தவரைத் தொட்டார். ஒரே ஆள், மூன்று அவுட், ஆட்டம் குளோஸ்!

70 வெற்றி, 92 தோல்வி. களத்தில் பாதி முகங்கள் தெரியாத முகங்கள். பிடித்த வீரர்கள் யாருமே ஆடாதபோது எதற்காகக் கைதட்டுவது, வெறும் சட்டைக்கா? அந்த செப்டம்பரில் ஒவ்வொரு ரசிகனும் தன்னையே கேட்டிருப்பான்.

டெல்காடோ இல்லாததால் அவர் இடத்தில் நிறுத்தப்பட்ட இளைஞர் டேனியல் மர்ஃபி. அந்த வருடம் அணியில் அதிக ஹோம் ரன் அவருடையதுதான். எவ்வளவு தெரியுமா? வெறும் 12! அதே மர்ஃபி 2015 பிளேஆஃபில் தொடர்ந்து 6 ஆட்டங்களில் ஹோம் ரன் அடித்துப் புது சாதனை படைத்தார், மெட்ஸ் உலகத் தொடர் வரை போனது.

அன்று ஊரே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் 2009 செப்டம்பரிலும் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தவன் தட்டிய கைதட்டலில் ஆறு வருட வட்டியும் சேர்ந்திருக்கும்.