கோழியின் குலம் அறிதல்

முற்றத்தில் மேயும் கோழிகளைச் "சாதிக் கோழி" என்றும் "கலப்புக் கோழி" என்றும் இரு கூறாக்கிப் பேசுவது நம்மவர் வழக்கம். முன்னதற்கு விலை அதிகம். பின்னதற்கு மதிப்புக் குறைவு. ஆயினும், எது சாதி, எது கலப்பு என்று அறிவது எவ்வாறு என வினவினால், வாங்குபவர் விற்பவரின் முகத்தைப் பார்ப்பர். விற்பவரோ கோழியின் இறகைத் தடவிக் காட்டுவர். விலங்கியல் கற்பிப்பது நம் தொழில். கோழி வளர்ப்பது நம் இல்லாளின் தொழில். இவ்விரு தொழிலும் சந்திக்கும் இடமாகிய கோழிக்கூட்டு வாசலில் நின்று நாம் அறிந்தவற்றை வாசக அன்பர்களுக்குக் கூற விழைகின்றோம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். தூய இனம் என்பது அழகைக் குறிப்பதன்று. முட்டையின் தொகையைக் குறிப்பதுமன்று. தாயும் தந்தையும் எவ்வாறோ அவ்வாறே குஞ்சுகளும் தலைமுறை தோறும் பிறக்கும் என்னும் உறுதியே தூய இனம் எனப்படுவது. அவ்வுறுதியும் இயற்கை தந்ததன்று. மனிதர் பல்லாண்டு தெரிந்தெடுத்துப் பெருக்கியதனால் வந்தது. நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட றோட் ஐலன்ட் றெட் என்னும் செங்கோழியையே எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் றோட் ஐலன்ட் பகுதிக் கமக்காரர், மலாய்ச் சேவல், சீனத்துக் கொச்சின், லெகோண் முதலியவற்றைக் கலந்தே அதனை உண்டாக்கினர். ஒற்றைக் கொண்டையுடைய அவ்வகையை அந்நாட்டுக் கோழி வளர்ப்போர் சங்கம் தனி இனமாக ஏற்றுக்கொண்டது 1904ஆம் ஆண்டிலேயாம்.

இனி, கண்ணாற் காணக்கூடிய அடையாளங்களைப் பார்ப்போம். பெரும்பாலார் இறகின் நிறத்தையே முதலிற் பார்ப்பர். நாம் கூறுவது, அதனை இறுதியிற் பாருங்கள் என்பதே. முதலிற் காது மடலை நோக்குக. வெள்ளை லெகோணுக்கு அது வெண்மை. றோட் ஐலன்ட், லைற் சசெக்ஸ், ஒஸ்றலோப் ஆகிய மூன்றுக்கும் சிவப்பு. செங்கோழியொன்றின் காது மடலில் வெண்மை பெரிதும் படர்ந்திருப்பின், அதன் முன்னோருள் லெகோண் போன்ற ஒன்று இருந்திருத்தல் கூடும். அடுத்துக் காலை நோக்குக. லெகோணுக்கும் றோட் ஐலன்டுக்கும் மஞ்சட் கால், சசெக்ஸுக்கு வெண்கால், ஒஸ்றலோப்புக்குக் கருங்காலும் வெளிறிய உள்ளங்காலும். இங்கே ஓர் எச்சரிக்கை: இடைவிடாது முட்டையிடும் பேட்டின் மஞ்சட் கால் நாளடைவில் வெளிறிப்போகும். அது கலப்பன்று, உழைப்பின் அடையாளம். இந்நான்கு இனங்களிலும் கணைக்காலில் இறகு முளைப்பதில்லை, விரலும் நான்கே. கணைக்காலிற் சிற்றிறகு தோன்றின் கொச்சின், பிரமா போன்றவற்றின் உறவையும், ஐந்தாம் விரல் தோன்றின் சில்க்கி, டோக்கிங் போன்றவற்றின் உறவையும் ஐயுறலாம். முட்டையும் சாட்சி கூறும். லெகோணின் முட்டை வெள்ளை. ஏனைய மூன்றின் முட்டை தவிட்டு நிறம். இரண்டுக்கும் இடைப்பட்ட மங்கல் நிறம் கலப்பினாலும் வரக்கூடும்.

இவ்வளவும் தெரிந்தபின் நாம் கோழிச் சோதிடர் ஆகிவிட்டோம் என்று எண்ணலாகாது. இவ்வடையாளங்கள் பொய்யைக் காட்டிக்கொடுக்கும், மெய்யை நிறுவமாட்டா. வெள்ளை லெகோண் சேவலை நிறமுள்ள ஊர்ப்பேட்டோடு சேர்த்தால், குஞ்சுகள் பெரும்பாலும் வெள்ளையாகவே பிறக்கும். ஆங்காங்கே ஒரு கரும்புள்ளி தவிர வேறு வேறுபாடு தோன்றாது. லெகோணின் வெண்மை பிற நிறங்களை அடக்கி மேலோங்குவது என்பதே காரணம். அடங்கிய நிறம் அழிந்துபோவதில்லை. அடுத்த தலைமுறையில் எழுந்து வரும்.

நம் அயல் வளவில் வாழும் ஆச்சியார் ஒருவர், பேரனின் படிப்புச் செலவுக்கு உதவுமென்று கருதி, சாதிக் குஞ்சு பொரிக்க வைத்து விற்க முற்பட்டார். காப்பை ஈடு வைத்த காசில் மூன்று றோட் ஐலன்ட் பேடுகளும் ஒரு சேவலும் வாங்கினார். நான்குக்கும் ஒற்றைக் கொண்டை, செங்காது, மஞ்சட் கால். குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. அவற்றின் முட்டைகளை ஊர்க்கோழியொன்றின் கீழ் அடைவைத்தார். பொரித்த 11 குஞ்சுகளுள் மூன்றுக்கு, மூன்று வரிசையாய்த் தலையோடு படிந்த சிறு கொண்டை தோன்றிற்று. ஆச்சியார் நம்மை அழைத்துக் காட்டி, "தம்பி, நான் காசு குடுத்தது சாதிக் கோழிக்கு, பொரிச்சிருக்கிறது சந்தைக் கூட்டமெல்லே!" என்றார்.

கோழிக் கொண்டையின் கணக்கு விலங்கியல் மாணவர்க்குப் பழகிய கணக்கு. மெண்டெல் 1866இல் பட்டாணிச் செடியிற் கண்டு வெளியிட்ட பாரம்பரிய விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று, வில்லியம் பேற்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1902இல் எடுத்துக்காட்டியது கோழிகளைக் கொண்டேயாம். படிந்த கொண்டை மேலோங்குவது. ஒற்றைக் கொண்டை அடங்குவது. ஆதலின் ஒற்றைக் கொண்டைத் தாய்க்கும் ஒற்றைக் கொண்டைத் தந்தைக்கும் படிந்த கொண்டைக் குஞ்சு பிறவாது. வேலி தாண்டி வந்த சேவலே அம்மூன்றுக்கும் தந்தை என்று கூறினோம். "அப்ப என்ரை பேடுகள் கெட்டுப்போச்சுதோ?" என்று அவர் கலங்கினார். பேடு ஒருமுறை பிற சேவலோடு சேர்ந்தால் அதன் பின் சாதிக் குஞ்சே வராது என்று அயலார் அவரை அச்சுறுத்தியிருந்தனர். அது வீண் அச்சம். சேவலின் வித்து பேட்டின் உடலில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரமே உயிரோடிருக்கும். பேடுகளைத் தனியே அடைத்து, நான்கு வாரம் கழிந்தபின் இடும் முட்டைகளை எடுத்தால் ஐயமில்லை.

ஆச்சியார் அவ்வாறே செய்தார். இரண்டாம் அடையிற் பொரித்தவை ஒன்பது. எல்லாவற்றுக்கும் ஒற்றைக் கொண்டை. ஆயினும் அவற்றுள் இரண்டு, வளர வளர வெண்மையாயின. இம்முறை வேலியின்மேற் பழி போட வழியில்லை. லெகோணின் வெண்மைபோல மேலோங்காது, அடங்கியே கிடக்கும் மற்றொரு வெண்மையும் கோழிகளில் உண்டு. தாய், தந்தை இரண்டிலும் அது மறைந்திருந்தாலன்றிக் குஞ்சில் வெளிப்படாது. சாதிக் கோழி என்று வாங்கியவையே கலப்பு என்பது தெளிவாயிற்று. விற்றவரும் அதனை அறியாதிருந்திருக்கலாம். இறகில் எழுதப்படாத செய்தி அது.

குஞ்சுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோர் ஐவர். சிவந்த குஞ்சுகளை மட்டும் கொடுத்திருந்தால் எவரும் அறிந்திரார். ஆச்சியார் ஐவரிடமும் உண்மையைச் சொல்லி, ஊர்க்கோழிக் குஞ்சின் விலைக்கே கொடுத்தார். பேடுகளோ குறைவின்றி முட்டையிட்டன. பேரனின் செலவுக்கு அவ்வாண்டு உதவியது முட்டைக் காசே.

ஆதலின், தூய இனம் வேண்டுவோர் ஒரு கோழியைப் பார்த்து விலை பேசற்க. அதன் தாய் தந்தையரையும், அவற்றுக்கு முன்னர்ப் பொரித்த குஞ்சுகளையும் காட்டும்படி கேளுங்கள். குஞ்சுகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பின் துணிந்து வாங்கலாம்.

கலப்பு என்பதனால் இழிவும் இல்லை. லெகோண் அடைகாப்பது அரிது. பருந்துக்கும் கீரிக்கும் தப்பிக் குஞ்சுகளைக் காக்கும் திறத்தில் ஊர்க்கோழிக்கு நிகரில்லை. றோட் ஐலன்ட் சேவலை லைற் சசெக்ஸ் பேட்டோடு சேர்த்தால், பொரித்த அன்றே பெட்டைக் குஞ்சைச் செந்நிறத்தாலும் சேவற் குஞ்சை வெளிர் நிறத்தாலும் பிரித்தறியலாம். தூய பெற்றோர் தந்த கலப்பின் நன்மை இது. ஆனால் அக்கலப்புக் குஞ்சுகளை மீண்டும் தம்முட் சேர்த்துப் பெருக்கினால், அவ்வொழுங்கு குலைந்துபோகும். பண்ணைகளிலிருந்து வரும் செந்நிற முட்டைக் கோழிகளும் பெரும்பாலும் இவ்வாறான கலப்புகளே. முட்டைக்கு அவை மிக நன்று. குஞ்சு பெருக்குதற்கு நம்பத்தக்கவையல்ல.

இறுதியாக மற்றொன்று. வீட்டுக் கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக் கோழி. எனினும், மஞ்சட் காலைத் தரும் மரபணு அதனிடமிருந்து வந்ததன்று, சாம்பற் காட்டுக் கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அச்சாம்பற் கோழி இந்தியக் காடுகளுக்கு, சிறப்பாகத் தென்னகக் காடுகளுக்கு, உரியது. தூய்மையின் சான்றென்று நாம் குனிந்து பார்க்கும் மஞ்சட் காலே பழைய கலப்பொன்றின் சான்று! "சாதி" என்னும் சொல்லைக் கோழிக்கூட்டின் அளவில் நிறுத்திக்கொள்வது நன்று. அங்கேயாயினும் அதனைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு.