எந்தப் பூண்டி?

பூண்டி என்று சொன்னால், "எந்தப் பூண்டி?" என்று திருப்பிக் கேட்பார்கள். சென்னைக்காரருக்கு ஏரி ஞாபகம் வரும். தஞ்சாவூர்க்காரருக்கு மாதா கோயில். கோயம்புத்தூர்க்காரருக்கோ வெள்ளியங்கிரி அடிவாரம். நான் சொல்லப் போகிற பூண்டி இவற்றில் எதுவுமில்லை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் என்று வளைந்து வளைந்து போகிற மலைச் சாலையில், கிளாவரைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கிராமம் அது. படிப்படியாய் வெட்டிய தோட்டங்களில் உருளைக்கிழங்கும் காரட்டும் பீன்ஸும் விளைகின்றன; எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளைப்பூண்டு விளைகிறது. ஊரும் பூண்டி, பயிரும் பூண்டு. கேட்பவனுக்குக் குழப்பம் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் சென்னையில் வெப் டெவலப்பராக இருக்கிறான். அவன் தகப்பனார் எனக்கு நெடுநாளைய சிநேகிதர். ஆகையால் நான் அவனுக்கு மாமா. லீவுக்கு வந்தவன் சும்மா இராமல், ஊருக்கென்று ஒரு வெப் அப்ளிகேஷன் எழுதினான். யார் எத்தனை மூட்டை பூண்டு லாரியில் ஏற்றினார்கள் என்பதைச் செல்போனில் பதிய வேண்டியது. கீழே வடுகபட்டிச் சந்தையில் மூட்டையை இறக்கும் கமிஷன் கடைக்காரர் அதைப் பார்த்துக் கணக்குத் தீர்க்க வேண்டியது. இவ்வளவுதான் விஷயம்.

"எங்க அப்பத்தாவுக்குப் புரிஞ்சா உலகத்துக்கே புரியும் மாமா" என்றான். அப்பத்தாவிடமே முதலில் கொடுத்தான். இந்தத் தொழிலில் இதைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் எண்ணம். எழுதியவன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாமல், பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கவனிப்பது. கதை எழுதுகிறவனுக்கும் அது நல்ல பயிற்சிதான். வாசகர் வீட்டுக்கெல்லாம் போய் அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க நம்மால் முடியுமா?

அப்பத்தா முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பினால்தான் மேலே போகலாம். "எனக்கு இருக்கிறது ஒரு பேருதானய்யா. இன்னொண்ணுக்கு எங்க போவேன்?" என்றாள். வெள்ளைக்காரன் வழக்கத்தில் பிறந்த கட்டம் அது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக் காலம் தள்ளுகிற நமக்கு அது பொருந்துமா? பையன் சிரித்துக்கொண்டே ஒரே கட்டமாக்கினான்.

அடுத்தது எழுத்து. பெயர் இத்தனை எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தான். 'பூண்டி' என்பது நம் கணக்கில் மூன்றெழுத்து. கம்ப்யூட்டருக்கோ யூனிகோட் முறையில் அது ஆறு குறி: பகரம், ஊகாரக் கொம்பு, ணகரம், புள்ளி, டகரம், இகரக் கொம்பு. யூ.டி.எஃப்-8 என்ற முறையில் சேமித்தால் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் 18 பைட். ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த சட்டையில் தமிழ் உடம்பு நுழையாது. இன்னொரு வேடிக்கை: 'கோ' என்ற எழுத்தின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வெவ்வேறு. 'கோவிந்தன்' என்று தேடினால், கோவிந்தன் எதிரிலேயே இருந்தாலும் அகப்படமாட்டான். வாங்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து வைப்பதுதான் பரிகாரம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்கு 'நார்மலைஸ்' என்று ஒற்றை வார்த்தை இருக்கிறது. தெரிந்தவனுக்கு ஒரு வரி வேலை. தெரியாதவனுக்கு ஒரு வாரத் தூக்கம் போகும்.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். பெரிய சங்கடம் பின்னால் வந்தது.

ஒருநாள் பெரியவர் ஒருவர் மூன்று மூட்டை ஏற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். மலையில் சிக்னல் வருவதும் போவதும் மேகம் வருவதும் போவதும் மாதிரி. பதில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். அதற்கும் பதிலில்லை. மூன்றாம் தடவை அழுத்தியபோதுதான் 'பதிவாகிவிட்டது' என்று வந்தது. கீழே கணக்கில் ஒன்பது மூட்டை நின்றது. லாரியில் இறங்கியது மூன்று. பாக்கி ஆறு எங்கே? எல்லாருடைய கண்ணும் லாரி டிரைவர் பக்கம் திரும்பியது.

அந்த மனிதர் பல வருஷமாக அந்தக் கொண்டையூசி வளைவுகளில் மூட்டை இறக்கி வருகிறவர். ஒரு பல் பூண்டுகூடத் தொட்டதில்லை. அன்று ராத்திரி அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டேன். மறுநாள் பெரியவர் நேரில் வந்து, "நான் ஏத்தினது மூணுதானப்பா" என்று சொன்ன பிறகுதான் பழி நீங்கியது. கம்ப்யூட்டர் பிசகு என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு மனிதனைத் திருடனாக்க அந்தப் பிசகுக்கு ஒரு ராத்திரி போதுமானதாயிருந்தது.

பையன் முகம் வெளுத்துப் போயிற்று. ஒருமுறை அழுத்தியதும் பொத்தான் மங்கிப்போகும்படி முதலில் செய்தான். அது பாதி மருந்துதான். ஏனென்றால், அனுப்பிய செய்தி சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, திரும்பி வருகிற பதில் மட்டும் வழியில் தொலைந்து போகலாம். அனுப்பியவருக்கு எது தொலைந்ததென்று எப்படித் தெரியும்? பக்கத்தைப் புதிதாகத் திறந்து மறுபடியும்தான் அனுப்புவார். இந்த ஆபத்து பழையது. இணையத்தின் எச்.டி.டி.பி. விதிகளிலேயே, 'கெட்', 'புட்' என்ற வேண்டுகோள்களைத் திரும்பத் திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒன்றே என்றும், 'போஸ்ட்' என்பதற்கு அந்த உத்தரவாதம் இல்லையென்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

நான் அவனிடம் மொய் நோட்டைப் பற்றிச் சொன்னேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பெயரையும் தொகையையும் உரக்கச் சொல்லி எழுதுவார். அதே ஆள் மறுபடி வந்து நின்றால், "உங்களது முன்னாடியே எழுதியாச்சு" என்பார். "அதேதான் மாமா!" என்று துள்ளினான். மூட்டைக் கணக்கை எழுதத் தொடங்கும்போதே செல்போன் அதற்கு ஒரு தனி எண் கொடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்தான் போகும். ஓர் எண்ணுக்கு ஒரு பதிவு என்று சர்வரில் தடை. இரண்டாம் முறை வந்தால், புதிதாக எழுதாமல் முதலில் சொன்ன பதிலையே திரும்பச் சொல்லும். சிக்னல் இல்லாவிட்டால் கணக்கு செல்போனுக்குள்ளேயே காத்திருக்கும். சர்வர் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும்வரை 'அனுப்பப்பட்டது' என்ற வார்த்தையே தோன்றாது.

சென்னையில் வேகமான இணைப்பில் உட்கார்ந்துகொண்டு பூண்டியின் சிக்னலை எப்படி அறிவது என்று கேட்டேன். பிரவுசரில் எஃப்12 என்ற விசையை அழுத்திக் காட்டினான். அந்தக் கருவிப் பெட்டியில் இணைப்பை வேண்டுமட்டும் மெதுவாக்கலாம். அடியோடு அறுத்தும் பார்க்கலாம். காசு பணம் கிடையாது. கம்ப்யூட்டரில் பிரவுசர் வைத்திருக்கிற பலரிடமும் அந்தப் பெட்டி இருக்கிறது. திறந்து பார்ப்பவர்தான் குறைவு.

கடைசியாக ஊர்ப்பெயர். கமிஷன் கடைக்காரரின் பட்டியலில் இன்னொரு பூண்டியும் இருந்தது. பெயரை நம்பிக் கணக்கை இணைத்தால், இங்கே விளைந்ததற்கு அங்கே பணம் போகும். பெயர் மனிதர் படிப்பதற்கு. கணக்கை இணைக்க மாறாத எண் ஒன்று வேண்டும். ஊருக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண் என்று ஆயிற்று.

கருவிகள் புதிதாக வந்துகொண்டே இருக்கும். பையன் வாயில் மாதத்துக்கு ஒரு புதுப் பெயர் கேட்கிறேன்; முந்தின மாதப் பெயரை அவனே மறந்துவிடுகிறான். ஆனால் இந்தப் பூண்டி எந்தப் பூண்டி, அழுத்துகிற கை யாருடையது, கணக்குத் தவறினால் யார் வீட்டில் அடுப்பு அணையும் என்ற கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறவன் கையில் எந்தக் கருவி இருந்தாலும் பழுதில்லை.

அந்த லாரி இன்னமும் ஓடுகிறது. டிரைவரும் அவரேதான். மூட்டை ஏறியதும் அவர் செல்போனிலும் எண்ணிக்கை தெரியும்படி பையன் செய்து கொடுத்திருக்கிறான். அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அவர் வண்டியைக் கிளப்புகிறார்.